கோப்பி போன பாதையில்: மன்னார் முதல் அப்புத்தளை வரை எட்டு நாள்

பிப்ரவரி 17, 2024, சனி. தலைமன்னார்

பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பக்கத்தில் கலங்கரை விளக்கம், வலை காயப்போட்ட நாலு படகு, நிழலுக்கு ஒதுங்கிய கழுதைகள். மன்னார்த் தீவில் கழுதைகள் மாடுபோலத் தெருவில் திரிகின்றன, யாரும் விரட்டுவதில்லை.

தனுஷ்கோடிக்கும் இந்தத் துறைக்கும் நடுவே கடல் முப்பது கிலோமீட்டருக்குள்தான். 1914இல் இங்கே ரயில் வந்தது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தத் தொடர் அறுந்தது. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றுபோனது. போரில் சிதைந்த தண்டவாளம் 2015இல்தான் தலைமன்னார் வரை மறுபடி வந்து சேர்ந்தது.

ஆனால் இந்தப் பயணத்தின் பொருள் ரயிலுக்கும் முந்தியது. ஒரு கோப்பைத் தேநீர் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால் எல்லோரும் நுவரெலியாவைக் காட்டுவார்கள். தொடக்கம் இந்த மணல்தான். (இங்கே காபியைக் கோப்பி என்பார்கள். இந்தக் குறிப்புகளிலும் அப்படியே.) 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போன ஆட்கள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கத்திலிருந்து வள்ளங்களில் வந்து இந்தக் கரையிலும் அரிப்பு என்ற ஊரின் கரையிலும் இறங்கினார்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ச் சீமைகளின் ஆட்கள். இறங்கிய பிறகு வண்டி கிடையாது. நடைதான்.

மதியம் மன்னார் நகரில் நண்டுக்கறியோடு சோறு, 900 ரூபாய். எல்லா விலையும் இலங்கை ரூபாயில். இந்திய ரூபாய் ஒன்றுக்கு அப்போது ஏறத்தாழ 3.7 கிடைத்தது. பரிமாறிய அம்மா, "இருங்கோ தம்பி, சொதி விட்டுச் சாப்பிடுங்கோ" என்று மூன்றாம் முறையும் சோறு வைத்தார். அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை. சாயங்காலம் பள்ளிமுனைப் பெருக்கமரம். அடிமரத்தைச் சுற்றிவர 19 மீட்டருக்கு மேல். ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 18, ஞாயிறு. மன்னார், மதவாச்சி, தம்புள்ளை

முருங்கன் தாண்டியதும் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது. அதைக் கழற்றும் சாவிதான் இல்லை. எதிரே வந்த லாரிக்காரர் நிறுத்தி, தன் சாவியைக் கொடுத்து, வேலை முடியும்வரை வெயிலில் நின்று திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஒன்றேகால் மணி நேரம்.

நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கட்டுக்கரைக் குளம், கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். மார்கழி மழைக்குப் பின்னான மாசி மாதம் இப்படித்தான் இருக்கும். கோப்பி ஆட்கள் வந்த மாதம் வேறு. கோப்பிப் பழம் ஆகஸ்ட், செப்டம்பரில் பழுக்கத் தொடங்கி ஆண்டுக் கடைசியில் முடியும். அந்த அறுவடைக்கு முன்னால் மலைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் வன்னிக் காட்டை அதன் மிக வறண்ட மாதங்களில் கடக்க வேண்டும். அன்று இந்தப் பக்கத்துக் குளங்கள் பலவும் உடைந்து கிடந்தன. குட்டையில் தேங்கியதைக் குடித்தார்கள். வாந்திபேதி வந்தது. மலேரியாவும் வந்தது. நடக்க முடியாதவர்களைக் கூட்டம் விட்டுவிட்டுப் போனது. 1840களில் மட்டும் எத்தனை ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சர்ச்சை இருக்கிறது. எண்ணியவர் யாரும் இல்லாததே அதற்குக் காரணம்.

ஒரு கூட்டம் என்பது ஒரு கங்காணியும் அவருக்குக் கீழே இருபது முப்பது பேரிலிருந்து நூறு பேர் வரையும். கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சொந்தக்காரர். தோட்டத்தில் முன்பணம் வாங்கி, ஊருக்குப் போய், கடனை அடைத்து ஆளைக் கூட்டிவருவார். வழிச்செலவும் அரிசியும் ஆளின் பெயரில் கடனாக ஏறும். மலைக்குப் போய்ச் சேரும்போதே ஒவ்வொருவரும் கடன்காரர். பின்னாளில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே ஆள் சொந்தம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

மன்னாரிலிருந்து மதவாச்சிக்கும், அங்கிருந்து தெற்கே மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளைக்கும் இன்று நல்ல தார்ச்சாலை. 200 கிலோமீட்டருக்கு மேல். தம்புள்ளையில் தங்கல், அறை 4,500. இரவுக்குக் கோழிக்கொத்து 950. காரட் விலை ஜனவரியில் கிலோ 2,000 ரூபாயைத் தொட்டு இறங்கியிருக்கிறதாம். கொத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 19, திங்கள். மாத்தளை

காற்றில் ஈரம் கூடுவதை நாலந்தை தாண்டும்போதே உணரலாம். தட்டைக்காடு முடிந்து மலை எழும்புகிறது. நடந்து வந்தவர்களுக்கும் உயிர் பிழைத்தோம் என்று தெரிந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். முத்துமாரியம்மன் கோயில் இங்கே நிற்பதற்கு அதுவே காரணம் என்கிறார்கள்: காட்டைக் கடந்து வந்தவர்கள் மரத்தடியில் அம்மனை வைத்துக் கும்பிட்ட இடம். பிறகு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஆதரவில் கோயில் வளர்ந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்டது. இப்போது 108 அடி இராஜகோபுரம். சனிக்கிழமை மாசிமகம். ஐந்து தேர்களுக்கும் வண்ணத்துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்களக் கடைக்காரர்கள் வாசலில் தேங்காய் குவித்து, தமிழிலேயே விலை சொல்கிறார்கள்.

இந்த ஊரில் நின்று யோசித்தால் ஒரு விஷயம் துலங்கும். கோப்பிக் காலத்தில் மாத்தளை ஒருவழி வாசல் அல்ல. அறுவடை முடிந்ததும் மிச்சக் காசை மடியில் முடிந்துகொண்டு, பொங்கலுக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும் என்று இதே வழியில் திரும்பினார்கள். வந்தவர்களில் ஆண்களே அதிகம். மலை அவர்களுக்கு வேலைக்களம். வீடு அக்கரையில் இருந்தது. அது எப்படி மாறியது என்பதைத்தான் அடுத்த நாட்களில் பார்க்கப் போகிறோம்.

கோயிலுக்கு எதிர்ச்சந்தில் உளுந்துவடை 60 ரூபாய், பிளேன்டீ 50. பால் போட்டால் 120. வழியில் மசாலாத் தோட்டங்களில் நிறுத்தச் சொல்லும் ஆட்டோக்காரர்களுக்குத் தலையாட்ட வேண்டாம். உள்ளே இலவசமாகச் சுற்றிக்காட்டிவிட்டு, சந்தையில் வாங்குவதைப்போல நாலைந்து மடங்கு விலைக்கு எண்ணெய்க் குப்பியைக் கையில் வைப்பார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய். கண்டி, பேராதனை, ஹந்தானை

ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால் இன்று. 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம், 2001இல் அருங்காட்சியகமானது. கண்டியிலிருந்து ஆட்டோவுக்கு 1,200 கேட்டார்கள், 900க்கு வந்தார்கள். கீழ்த்தளத்தில் பழைய எஞ்சின்களும் உருட்டு இயந்திரங்களும். ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

ஆனால் தேயிலை ஏன் வந்தது என்பதற்குச் சான்று பேராதனைத் தாவரவியல் பூங்காவில்தான். தேயிலைச் செடி 1824லேயே சீனாவிலிருந்து இங்கே வந்துவிட்டது. 1839இல் அசாம் விதையும் வந்தது. நாற்பது ஆண்டுக்கும் மேலாக அது வேடிக்கைச் செடி. மலையெல்லாம் கோப்பிதான் பணம் கொட்டியது. கண்டிக்கு 1867இல் ரயில் போட்டதே கோப்பி மூட்டைக்காக.

1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருந்தது. பூங்காவின் பொறுப்பாளர் துவெய்ட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பாதிரியார், பூஞ்சை அறிஞர், அதே ஆண்டில் பெயர் வைத்தார்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். இரண்டாம் சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். பொடி என்பது வித்து. காற்றில் பறந்து, ஈரமான இலையின் அடியில் முளைத்து, இலை மூச்சுவிடும் துளை வழியாக உள்ளே புகும். இலைப்பரப்பு செத்து உதிரும். மரம் அந்த ஆண்டே சாகாது, அதுதான் ஏமாற்றியது. புது இலை விடும், மறுபடி உதிரும். வேருக்கும் பழத்துக்கும் உணவு போகாமல் காய் சூம்பும். நாலைந்து ஆண்டில் மரம் விறகு.

துரைமார் உரக்குறைவு என்றார்கள், மண் சோர்வு என்றார்கள். கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் நோய் கண்ட பிறகும் புதுக்காடு வெட்டி நட்டார்கள். 1870களின் இறுதியில் கோப்பி சுமார் 2,75,000 ஏக்கர். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டாண்டு வேலை செய்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் தொங்கவிட்டு, அதில் ஒட்டிய வித்துகளை நுண்ணோக்கியில் காட்டினார். அவருடைய முடிவு எளியது: இடையில் வேறு மரமே இல்லாமல் மலைக்கு மலை ஒரே பயிரை நட்டால் காற்றை மறிக்க எதுவும் இல்லை. மருந்து கேட்டவர்களுக்கு அவர் காரணத்தைக் கொடுத்தார். அவர்களுக்குத் திருப்தியில்லை. இன்றைக்குத் தாவர நோயியல் படிப்பவர் ஒவ்வொருவரும் அவர் பெயரைப் படிக்கிறார்.

ஒரு தவறைத் திருத்த வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் கோப்பியை விட்டுத் தேநீருக்கு மாறியதே இந்தப் பூஞ்சையால்தான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். சரியல்ல. அதற்கு நூறாண்டு முன்பே அவர்கள் சீனத் தேநீரில் ஊறியவர்கள். பூஞ்சை மாற்றியது அவர்கள் கோப்பையை அல்ல. இந்த மலையையும் அதில் வேலை செய்தவர்களையும்.

பிப்ரவரி 21, புதன். லூல்கந்துர

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக மேலே. போய்வர ஆட்டோ 5,500. மழைக்கு அரித்த கடைசி ஏற்றத்தில் வண்டி திணறியது. ஓட்டுநர் கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். மீதி நடை, முக்கால் மணி. இங்கு வருபவர்கள் ஆட்டோவை நம்பாமல் ஜீப் பேசுவது நல்லது. பிற்பகலில் அரைமணித் தூறல். புல்லில் நின்றால் அட்டை ஏறும். சவர்க்காரத்தை (சோப்பு) நனைத்துக் காலில் பூசிக்கொள்ளச் சொல்லிக் கட்டியையே கொடுத்தார் ஒரு கொழுந்து பறிக்கும் அக்கா. "தண்ணி பட்டா போயிரும், மறுபடி பூசிக்குங்க" என்று எச்சரிக்கையும். பலித்தது.

ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். 1852இல் பதினாறு வயதில் வந்தவர். 1867இல் இந்தத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தோட்டத்தில் வயல் என்பதில்லை; நம்பர் போட்ட ஒவ்வொரு துண்டும் 'மலை'தான். இலையைத் தன் பங்களாத் திண்ணையில் மேசைமேல் வைத்துக் கையால் உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரிநெருப்புப் போட்டு, கம்பிவலைத் தட்டில் உலர்த்தினார்கள். 1873இல் லண்டனுக்குப் போனது 23 பவுண்டு, பத்தரைக் கிலோ. 1900 வாக்கில் இலங்கையில் தேயிலை நாலு லட்சம் ஏக்கரை நெருங்கிவிட்டது. இடையில் பலர் மலேரியா மருந்து தரும் சின்கோனா மரத்தை நட்டு, எல்லோரும் நட்டதால் விலை விழுந்து, அதையும் வெட்டினார்கள். செத்த கோப்பி மரங்களைப் பட்டை உரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அங்கே தேநீர் மேசைக்குக் கால் ஆயின என்று சொல்வதுண்டு.

அந்தப் பழைய மலையில் இன்றும் செடி நிற்கிறது. அடி தொடைத் தடிமன். விட்டால் தேயிலை மரமாக வளரும். மூன்று நாலு ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துவதால்தான் புதர்.

விஷயத்தின் மையம் இதுதான். கோப்பி ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும். தேயிலை நிற்கவே நிற்காது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியில் இரண்டு இலையும் மொட்டும் கிள்ள வேண்டும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் இலை முற்றி, நாராகி, தரம் விழும். ஆண்டு முழுக்க வேலை. ஆகவே ஆள் ஊர் திரும்பக் கூடாது. கிள்ளும் வேலைக்குப் பெண்கள் வேண்டும். குடும்பத்தோடு கூட்டிவந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளை வரிசையாகக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் லைன் என்றது தமிழில் 'லயம்' ஆனது. இலையடியில் படிந்த ஒரு பொடி, பொங்கலுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தை மலைநாட்டுச் சனமாக்கியது. பிளேக் பயத்தில் மன்னாரிலிருந்து வந்த அந்த நடைபாதையையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மூடினார்கள். பிறகு வந்தவர்களுக்குத் தோட்ட எண் குத்திய தகர டிக்கெட்டைக் கழுத்தில் மாட்டினார்கள்.

இதே ஹேவாஹெட்டப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரியில் சம்பளம் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். டெய்லரின் கல்லிருக்கையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பெயரையும் யாராவது சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 22, வியாழன். ரயிலில் அட்டன்

நாளை போயா என்னும் பௌர்ணமி விடுமுறை, சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். கண்டி நிலையத்திலேயே வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. இரண்டாம் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் நாவலப்பிட்டி வரை ஒற்றைக் காலில். ஒரு சிங்களப் பாட்டி தன் மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி, பிள்ளையோடு நின்ற பெண்ணுக்கு இடம் விட்டு, எல்லோருக்கும் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் தனிப்பொட்டலத்தில்.

அட்டனில் அறை லேசில் கிடைக்கவில்லை, கிடைத்தது 7,000. வழக்கமாக அதில் பாதியாம். இரவு நல்ல குளிர். மாசிப் பனிக்குத் தேயிலைக் கொழுந்து கருகும் என்று பயந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊரை நம்பித்தான் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் 1930களில் தோட்டத் தொழிற்சங்கம் கட்டினார்கள். துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத காலம். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்து லயங்களைப் பார்த்தவர்.

பிப்ரவரி 23, வெள்ளி, போயா. அட்டன் முதல் அப்புத்தளை

அட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். பிறகு தலவாக்கலை, நானுஓயா. பட்டிப்பொலவில் 1,898 மீட்டர், பாதையின் உச்சி. ரயில் நானுஓயாவுக்கு 1885இலும் அப்புத்தளைக்கு 1893இலும் வந்தது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை தேயிலையின் பின்னால் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

பெட்டியில் இறால்வடை விற்கிறவர் பழைய பள்ளிக்கூட நோட்டுத்தாளில் சுற்றித் தருகிறார், நாலு 300. போயா என்பதால் மதுக்கடை, இறைச்சிக்கடை எல்லாம் அடைப்பு. இரவுக்கு இடியப்பமும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும், 350.

பிப்ரவரி 24, சனி. தம்பேதன்ன

தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் வந்து, கோப்பியில் நொடித்த தோட்டங்களை மலிவாக வாங்கினார். தம்பேதன்னத் தொழிற்சாலை அதே காலத்தது, இன்றும் ஓடுகிறது. வேலை நடக்கும் நாளில் போனால்தான் பயன்.

கொழுந்து மேல்மாடியில் வலைத்தொட்டிகளில் 12 முதல் 18 மணி நேரம் காற்றில் வாடும். எடையில் பாதிக்குக் கிட்ட நீராகப் போகும். வாடாத இலையை உருட்டினால் நொறுங்கிச் சாறு வழிந்து வீணாகும். பிறகு பித்தளைத் தட்டில் உருட்டு, அரைமணி வீதம் மூன்று நாலு சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் சலித்த பொடியான இலை தனியே போகும். உருட்டியதை விரித்துப் போட்டால் பச்சை செம்பாகும். இதைப் புளிப்பு என்பது பழக்கம். உண்மையில் காற்றுபட்டுக் கறுக்கும் வேலை, வாழைப்பழம் கறுப்பதுபோல. உருட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று மணிக்குள் நிறுத்த வேண்டும். முன்னால் நிறுத்தினால் பச்சைக் கசப்பு, பிந்தினால் நிறம் மட்டும் மிஞ்சிச் சுவை செத்துவிடும். நிறுத்துவது சூடு. சுமார் இருபது நிமிட உலர்வில் ஈரம் நூற்றுக்கு மூன்றுக்கு இறங்கும். சூடு அதிகமானால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நிற்கும். அந்தத் தூள் பெட்டியிலேயே கெடும். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்.

பி.ஓ.பி. என்று பொட்டலத்தில் போடுவது உடைந்த ஆரஞ்சு பெக்கோ. ஆரஞ்சுப் பழத்துக்கு இதில் வேலையே இல்லை. பெக்கோ என்பது மொட்டின் வெண்பஞ்சைக் குறித்த சீனச்சொல். தரம் என்று நாம் நினைப்பது இங்கே பெரும்பாலும் சல்லடைக் கண்ணின் அளவுதான்.

ஏழு கிலோமீட்டர் மேலே லிப்டன் ஆசனம். ஒன்பது மணிக்கு முன் போய்விட வேண்டும், பிறகு மூடுபனி. உச்சிக் கடையில் ரொட்டியும் சம்பலும் 200, பிளேன்டீ 80. சீனியைக் கோப்பையில் போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் தருகிறார்கள், நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இலிருந்து இந்தப் பயணம் வரை 1,000 ரூபாயாக இருந்தது. அதற்குப் பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று தோட்டம் வைத்த கணக்கு நிறைய வேண்டும், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். 1948 சட்டத்தில் இவர்கள் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்கும் போனது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் குடும்பங்கள் அந்தப் பங்கில் போனவை. "எங்க சித்தப்பா கூடலூர்ல. கப்பல்ல ஏறும்போது பாத்தது" என்றார் இறக்கத்தில் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி, ஒரு கொய்யா, வேலியோரம் இரண்டு கோப்பி மரம். வீட்டுக்கு வறுத்து இடித்துக்கொள்ள. அவருடைய மருமகள் கீழ்க்கிளை ஒன்றைப் பிடித்து ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்புறத்தில் ஆரஞ்சுப் பொடி, விரலில் ஒட்டியது. "எல்லா வருசமும் வரும். கொப்பை வெட்டி விட்டுருவோம்" என்று பாவாடையில் துடைத்துக்கொண்டு, அடுப்பில் கோப்பித் தண்ணி வைக்க உள்ளே போனார்.